வாட்டர்கலர்ல சொதப்பிட்டீங்களா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அக்கா, வானத்துக்கு வாஷ் (தண்ணி நிறைய கலந்த மெல்லிசான கலர் பூச்சு) போட்டேன், காயறதுக்குள்ள ஒரு சொட்டு தண்ணி விழுந்து காலிஃப்ளவர் மாதிரி விரிஞ்சிடுச்சு. காப்பாத்த முடியுமா?

பதில்: முடியும், ஆனா முதல்ல பிரஷ்ஷ கீழ வைங்க. பாதி காஞ்ச வாஷ்ல தண்ணி விழுந்தா பிக்மென்ட்ட, அதாவது கலர் துகள, தள்ளிட்டுப் போய் ஓரத்துல கோடு கட்டிடும், அந்த நேரத்துல போய் தடவுனீங்கன்னா ஒண்ணு நாலாகும். புறங்கைய வெச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம் இருக்கு. முழுசா காஞ்சப்புறம் நல்ல தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச பிரஷ்ஷால அந்த ஓரத்த மட்டும் லேசா வருடி, டிஷ்யூவால ஒத்தி எடுங்க. அப்பவும் போகலையா, மேகமாக்கிடுங்க, யாருக்குத் தெரியப் போகுது :)

கேள்வி: நானும் அப்படித்தான் ஒத்தினேன், நீலம் அசையவே மாட்டேங்குது.

பதில்: ட்யூப்ல பிக்மென்ட் நம்பர் பாருங்க. பிபி15ன்னா தாலோ ப்ளூ, துகள் ரொம்ப பொடி, பேப்பர் நாருக்குள்ள புகுந்து கறையா உக்காந்துடும். பிபி29 அல்ட்ராமரீன், அது நிறையவே வரும். தாலோன்னா ஓரளவுக்குத்தான் வெளுக்கும், மனச தேத்திக்கிட்டு மேல இன்னொரு லேயர் போட்டு மறைக்கப் பாருங்க. அழிச்சு அழிச்சுப் பழகறவங்க வானத்துக்கு தாலோ பக்கமே போகாதீங்கன்னு நான் சொல்வேன்.

கேள்வி: தேச்சு தேச்சு பேப்பர் பஞ்சு பஞ்சா வந்துடுச்சு அக்கா

பதில்: சைசிங் போயிடுச்சுப்பா, அதான் பேப்பர் தண்ணிய சட்டுன்னு உறிஞ்சாம இருக்கப் போடற பசை. காய விட்டு, மேல ஒரு சுத்தமான பேப்பர் வெச்சு ஸ்பூன் முதுகால அழுத்தித் தேச்சா நார் படியும், ஆனா அந்த இடம் இனி கலர உறிஞ்சி டார்க்காத்தான் காட்டும். அதனால அங்க மரமோ நிழலோ வர்ற மாதிரி படத்த மாத்துங்க.

கேள்வி: எல்லா கலரும் சேந்து சேறாயிடுச்சு...

பதில்: எத்தன கலர் கலந்தீங்க? ரெண்டு, மிஞ்சிப்போனா மூணு, அதுக்கு மேல கலக்காதீங்க. கீழ் லேயர் காயாம மேல போட்டாலும் இதே கதிதான். காஞ்சப்புறம் முடிஞ்சத ஒத்தி எடுத்துட்டு ஒரே ஒரு டிரான்ஸ்பேரன்ட் கலர் மெல்லிசா விடுங்க.

கேள்வி: பேப்பரோட வெள்ளைய அப்படியே விட்டு வைக்க மறந்துட்டேன், தண்ணில வெயில் மினுக்கணும். வெள்ளை கவாஷ் (அடியில இருக்கறத மறைக்கற கெட்டியான வாட்டர்கலர்) வைக்கலாமா, அது ஏமாத்து வேலைன்னு ஒருத்தர் சொல்றாரு?

பதில்: தாராளமா வைங்க! பிளேடு முனையால சுரண்டுனாலும் பேப்பரோட வெள்ளை வரும், இங்கிலாந்தோட பெரிய ஓவியர் டர்னரே அப்படி சுரண்டிருக்காரு. ஆனா சுரண்டறதுன்னா 300 ஜிஎஸ்எம் மாதிரி தடி பேப்பரா இருக்கணும், ஈரமே இல்லாம காஞ்சிருக்கணும், எல்லா வேலையும் முடிஞ்சு கடைசியா பண்ணணும், ஏன்னா சுரண்டுன இடத்துல திரும்ப கலர் பட்டா அசிங்கமா ஊறிடும்.