வாசகர் கேள்வி பதில்: காணிக்கைப் பெட்டியும் பற்று நோட்டும்

கேள்வி: நான் மளிகைக்கடை நடத்துகிறேன். சென்ற ஆண்டு ஆண்டவரை ஏற்றுக்கொள்ளும்வரை, ஏறத்தாழ 10 ஆண்டுகளாக, அரிசியிலும் பருப்பிலும் கிலோவுக்கு 30 கிராம் குறைத்தே நிறுத்துக் கொடுத்துவந்தேன். இப்போது தராசைச் சரிசெய்துவிட்டேன். பழைய குற்றத்திற்காக ஒரு தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போட்டால் போதுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: போதாது. நீங்கள் எடுத்தது சபையின் அரிசியை அல்ல.

மாதம் 25 கிலோ அரிசி வாங்கிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மாதத்திற்கு 750 கிராம், ஆண்டுக்கு 9 கிலோ, 10 ஆண்டுகளில் 90 கிலோ அரிசி அவர்கள் அறியாமலேயே உங்கள் கடையில் தங்கிவிட்டது. அதை ஒரே இரவில் மூட்டையாகத் தூக்கிவந்திருந்தால் ஊரே அதைக் களவு என்று சொல்லியிருக்கும்.

லேவியராகமம் 6ஆம் அதிகாரம் வரிசையைத் தெளிவாக வைக்கிறது: அநியாயமாய் எடுத்த முதலையும் அதனுடன் ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனிடம் கொடுப்பது பற்றி முதலில் பேசிவிட்டுத்தான், ஆசாரியனிடம் கொண்டுபோகும் பலியைப் பற்றிப் பேசுகிறது. அந்தக் கணக்கில் அக்குடும்பத்திற்கு நீங்கள் தரவேண்டியது 108 கிலோ. உரியவனும் இல்லை, வாங்கிக்கொள்ள அவனுடைய உறவின்முறையானும் இல்லை என்றால் மட்டுமே அது ஆசாரியனைச் சேரும் என்று எண்ணாகமம் 5:8 கூறுகிறது. ஆகவே உங்கள் மனதில் முதலில் வந்த காணிக்கைப் பெட்டி, வேதத்தில் கடைசியாகத்தான் வருகிறது.

இயேசுவைச் சந்தித்து மனந்திரும்பிய வரிவசூல் தலைவனான சகேயு ஏன் “நாலத்தனையாகத் (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்துகிறேன்” என்றான் என்பதையும் கவனியுங்கள். தானாக அறிக்கையிடுகிறவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் போதும். நாலத்தனை என்பது ஆட்டைத் திருடி, அதைக் கொன்றவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமம் 22:1 விதித்த அளவு. யாரும் கையும் களவுமாகப் பிடிக்காதபோதே சகேயு திருடனுக்குரிய அளவைத் தனக்கு வைத்துக்கொண்டான். நீங்களும் நாலத்தனை கொடுத்தே தீரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு குறைவாகக் கொடுத்துத் தப்பலாம் என்ற கேள்வி அவனிடம் இல்லை.

உங்கள் பற்று நோட்டை எடுங்கள். அதில் பெயருள்ள வீடுகளுக்கு நேரில் போய், நடந்ததைச் சொல்லி, கணக்குத் தீருங்கள். அடுத்த மாதங்களில் சொல்லாமல் கொஞ்சம் கூடுதலாக நிறுத்துப் போட்டு ஈடுகட்டிவிடலாமே என்று தோன்றும் (எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்). ஆனால் எண்ணாகமம் 5:7 செலுத்துவதற்கு முன்பே அறிக்கையைக் கேட்கிறது. சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகலாம், போகட்டும். வழிப்போக்கராக வந்து வாங்கியவர்களின் பங்கை, சகேயு செய்ததுபோல, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பேருந்துக் கூட்டத்தில் நடத்துநர் என்னிடம் வரவேயில்லை, சீட்டு எடுக்காமலே இறங்கிவிட்டேன். இதுவும் களவுதானா?

பதில்: நீங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதால் அப்போது அது களவல்ல, கடன். கொடுக்க வழியிருந்தும் அந்தப் பணத்தை உங்களுடையதாக வைத்துக்கொண்டால் களவாகிவிடும். நாளை அதே தடத்தில் ஏறி, இரண்டு சீட்டு கேளுங்கள். நடத்துநர் இன்னொரு ஆள் எங்கே என்று கேட்டால், நேற்றைக்கே இறங்கிவிட்டார் என்று சொல்லுங்கள்.