மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் பிரச்சினை முடியுமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியுள்ள ஒரு மாகாணப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அடிமட்டத்தால் கையில் அடித்தேன். விரல் வீங்கிவிட்டது என்று தகப்பன் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், அதில் நான் நடக்காத வேறு விஷயங்களும் இருக்கின்றன. அதிபர், “ஒரு மன்னிப்புக் கடிதமும் இடமாற்றக் கடிதமும் தாங்கோ ரீச்சர், இதோட முடிச்சிடலாம்” என்கிறார். வெட்கத்தில் ஒரு கிழமையாகப் பாடசாலைக்குப் போகவில்லை. கனடாவில் படிப்பிக்கும் என் பெறாமகள், அங்கே என்றால் லைசன்ஸே போய்விடும் என்கிறாள். எனக்கும் அப்படி நடக்குமா? 2006இல் கிடைத்த நியமனக் கடிதம்கூட இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது.

பதில்: ரீச்சர், முதலில் நாளைக் காலை பாடசாலைக்குப் போங்கள். போக முடியாத உடல்நிலை என்றால் மருத்துவச் சான்றிதழோடு லீவுக்கு எழுதிப் போடுங்கள். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது: அறிவிக்காமல் வீட்டில் இருந்தால், பதவியைத் தானே விட்டுப் போனதாகக் கருதிக் கடிதம் அனுப்ப, அரச ஊழியர்களுக்கான விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவையில் இடம் உண்டு. அடித்ததற்கான விசாரணை தொடங்கும் முன்பே வேலை அந்த வழியில் போய்விடக்கூடாது.

கனடாவின் ஒன்ராறியோவில் ஆசிரியர்களை ஒழுங்குபடுத்தத் தனி அமைப்பு ஒன்று இருக்கிறது, உரிமத்தைக் கொடுப்பதும் பறிப்பதும் அதுதான். இலங்கையில் அப்படித் தனி உரிமம் கிடையாது. உங்களுக்கு உரிமம் என்றால் அது ஆசிரியர் சேவை நியமனம்தான், மாகாணப் பாடசாலை என்பதால் ஒழுக்காற்று அதிகாரம் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் கீழ் வருகிறது. அதிபரால் உங்களை வேலையால் நீக்க முடியாது. அதேபோல, “இதோட முடிச்சிடலாம்” என்று உறுதி தரும் அதிகாரமும் அவருக்கு இல்லை, அவர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்றாலும்.

அந்த மன்னிப்புக் கடிதத்துக்கு வருவோம். நீங்கள் சமாதானத்துக்காக எழுதுவீர்கள், ஆனால் அது உங்கள் பைலுக்குள் போய், பிறகு முறைப்பாட்டில் உண்மை இருக்கிறதா என்று பார்க்கும் ஆரம்ப விசாரணை வரும்போது, முழு முறைப்பாட்டையும் நீங்கள் ஒப்புக்கொண்ட கடிதமாக வாசிக்கப்படும், தகப்பன் எழுதிய நடக்காத விஷயங்களும் சேர்த்து. இடமாற்றக் கடிதமும் அப்படித்தான்: நீங்களே கேட்டு வாங்கிய இடமாற்றத்தை எதிர்த்துப் பிறகு எங்கே போய் நிற்பீர்கள்? எங்கள் பக்கத்தில் எதையும் கதைத்துத் தீர்ப்பதுதான் வழக்கம், ஊருக்குள் அது நல்லதுதான். ஆனால் அரச சேவையில் எழுத்தில் இருப்பதுதான் நிற்கும். அந்தப் பையனின் வீட்டுக்கும் இப்போது போகவேண்டாம், கணவரையோ சொந்தக்காரரையோ அனுப்பவும் வேண்டாம். பழங்களோடு போனாலும் சாட்சியை மிரட்டப் போனதாக எழுதிவிட முடியும்.

அடித்தது உண்மை என்கிறீர்கள். அதை மறைக்காதீர்கள். வகுப்பில் முப்பது பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், பிள்ளைகளைப் பொய்சாட்சி சொல்ல வைப்பது அடித்ததைவிடப் பெரிய பாவம். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. அறைந்ததால் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை மீறல் என்று தீர்த்து, ஆசிரியர் தன் சொந்தப் பணத்தில் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் கட்டவேண்டும் என்றது. தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவில் பொலிஸ் வழக்கும் வரலாம். வந்தால் பொலிஸில் வாக்குமூலம் கொடுக்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். நீதிமன்றத்தில் விடுதலையானாலும் திணைக்கள விசாரணை தானாக நின்றுவிடாது, இரண்டும் வேறு வேறு பாதைகள்.

ஆகவே இப்போதே, ஞாபகம் மங்குமுன், அன்று நடந்ததைத் திகதி, பாடவேளை, என்ன சொன்னான், எத்தனை அடி, எங்கே பட்டது, பிறகு என்ன செய்தீர்கள் என்று உங்களுக்காக மட்டும் எழுதி வையுங்கள். பாடசாலைச் சம்பவங்களைப் பதியும் லொக் புத்தகத்தில் அதிபர் என்ன பதிந்திருக்கிறார் என்று பாருங்கள். ஆரம்ப விசாரணையில் வாக்குமூலம் எடுப்பார்கள். அதை முழுக்க வாசித்து, நீங்கள் சொல்லாத சொல் இருந்தால் திருத்தச் சொல்லி, அதன்பிறகே கையெழுத்து. செய்ததைச் செய்தேன் என்றும் செய்யாததைச் செய்யவில்லை என்றும் தனித்தனியாகச் சொல்லுங்கள். திணைக்களத்திடமிருந்து குற்றப்பத்திரம் வந்தால் அதில் குறித்த திகதிக்குள் பதில் போயாகவேண்டும், பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அதில் குறிப்பிட்ட ஆவணங்களைப் பார்க்கவும், முறையான விசாரணையில் உங்கள் சார்பில் பேச ஒருவரை வைத்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. சந்தா கட்டும் தொழிற்சங்கம் இருந்தால் இன்றே தெரிவியுங்கள், இந்த விசாரணைகளில் பழகியவர்கள் அங்கே இருப்பார்கள். சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழில் தரும்படி எழுதிக் கேளுங்கள், வடக்கில் நிருவாக மொழி தமிழ்.

நியமனக் கடிதம் தொலைந்தது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2009இல் வன்னியில் எத்தனையோ ஆசிரியர்கள் உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள். வலயத்தில் உள்ள உங்கள் சுயவிபரக் கோவையின் பிரதிகளைத் தரும்படி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். இத்தனை வருடச் சேவையில் குற்றமில்லாத பதிவு இருந்தால், தண்டனையைத் தீர்மானிக்கும்போது எடுத்துக்காட்ட வேண்டியது அதைத்தான்.

அடி வாங்கிய அந்தப் பையன் நாளைக்கும் உங்கள் வகுப்பில் இருக்கப் போகிறான். விசாரணை முடியும்வரை அவனை ஒதுக்காமலும் தனியாகக் கூப்பிட்டுக் கதைக்காமலும், மற்றப் பிள்ளைகளைப் போலவே நடத்துங்கள்.

கேள்வி: வவுனியாவில் தேசிய பாடசாலை ஆசிரியர் நான். விசாரணை முடிந்து தண்டனைக் கடிதம் வந்துவிட்டது. இனி வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. தேசிய பாடசாலை மாகாணத்தின் கீழ் அல்ல, மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருவதால் நீங்கள் போகவேண்டிய இடம் அரசாங்க சேவை ஆணைக்குழு. அதன் முடிவையும் எதிர்த்து, 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நிருவாக மேன்முறையீட்டு நியாயசபைக்குப் போகலாம். சம உரிமை மீறப்பட்டது என்று அடிப்படை உரிமை வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் அதற்கு ஒரு மாதம்தான், அதுவும் சம்பவம் நடந்த நாளிலிருந்து. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவிலேயே இருக்கிறது. அங்கே முறைப்பாடு செய்வதானாலும் அந்த ஒரு மாதத்துக்குள் செய்யுங்கள். கடிதம் கையில் கிடைத்த திகதியை உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி, இந்தக் கிழமையே சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள்.