மலைக்கு எந்த டயர், ட்ராக்குக்கு எந்த டயர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அகல டயரையும், ட்ராக்கில், அதாவது கார் பந்தயத் தடத்தில், ஓட்டும் டயரையும் பற்றியவை. காரின் மாடலையும் டயரின் அளவையும் குறிப்பிட்டிருந்தவற்றுக்கு மட்டுமே பயனுள்ள பதில் எழுத முடிந்தது.

கேள்வி (கோத்தகிரி): காரில் வந்த டயர் 185/65 ஆர்15 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்), 88எச். 16 அங்குல அலாய் சக்கரத்துக்கு மாறும்போது 195/55 போடலாமா, 205/55 போடலாமா?

சுற்றளவைப் பொறுத்தவரை 195/55 ஆர்16 சரியாகப் பொருந்தும். பழைய டயருக்கும் அதற்கும் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட வேறுபாடு இராது. 205/55 சுமார் ஒரு சென்டிமீட்டர் பெரியது. ஆள் நிறைந்த காரில், கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பும்போது அது உள் மட்கார்டில் உரசக்கூடும். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இதைவிட முக்கியமானது. உங்கள் பழைய டயரின் 88 என்ற எண், ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று சொல்கிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் 195/55 ஆர்16 டயரில் 87 என்றிருக்கும். அது 545 கிலோ. காசு கொடுத்துத் தாங்குதிறனைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். அதே அளவில் 91 என்று அச்சிட்ட டயரும் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன் டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள்.

கேள்வி (கூடலூர்): நைட்ரஜன் நிரப்பினால் பிடிமானம் கூடுமா?

கூடாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தப் பணத்துக்கு நல்ல அழுத்தமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (குன்னூர்): கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ட்ராக் நாள்களுக்குப் போகிறேன். செமி ஸ்லிக் (ட்ராக்குக்கென்றே செய்த, பள்ளங்கள் குறைந்த) டயர் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவது தொல்லையாக இருப்பதால், அதையே அன்றாடமும் ஓட்டலாமா? ட்ராக்கில் நன்றாகப் பிடிக்கும் டயர் மலைப்பாதையில் இன்னும் நன்றாகத்தானே பிடிக்கும்?

பிடிக்காது. இந்த எண்ணத்தை மலையில் கார் வைத்திருக்கும் இளைஞர்களிடம் ஆண்டுதோறும் கேட்டுவருகிறேன், ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது. செமி ஸ்லிக்கின் ரப்பர் சுமார் 70, 80 டிகிரி சூடேறிய பிறகுதான் இளகித் தரையைப் பற்றும். ட்ராக்கில் இரண்டு மூன்று சுற்றுகளில் அந்தச் சூடு வந்துவிடும். டிசம்பர் காலையில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது, 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து முடித்தாலும் அந்தச் சூட்டில் பாதி கூட வராது. ஆகவே, அந்த டயர் விறைத்த நிலையிலேயே உங்களைக் கீழே கொண்டுபோகும். சாதாரணச் சாலை டயர் அந்தக் குளிரிலும் தன் வேலையைச் செய்யும்.

அடுத்தது மழை. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைகிறது என்றால், உங்கள் குன்னூர்ச் சரிவு வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நனைகிறது. செமி ஸ்லிக்கில் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் மிகக் குறைவு, புதிதிலேயே ஆழமும் குறைவு. பர்லியார் அருகே வளைவின் குறுக்கே ஓடும் மழைநீரில் டயர் தரையை விட்டு மிதந்துவிட்டால், பிரேக்கோ ஸ்டீயரிங்கோ எதுவும் உதவாது. ட்ராக்கில் வழுக்கினால் மண்பரப்பில் போய் நிற்பீர்கள். இங்கே எதிரில் பேருந்து வரும், இல்லையென்றால் பள்ளம் இருக்கும். கூடவே, அன்றாட ஓட்டத்தில் சூடேறி ஆறி, சூடேறி ஆறி அந்த ரப்பர் இறுகிப்போவதால், ட்ராக்குக்குப் போகும் நாளிலும் நீங்கள் காசு கொடுத்த பிடிமானம் கிடைக்காது.

செய்ய வேண்டியது இதுதான். செமி ஸ்லிக் நான்கையும் தனி ரிம்மில் மாட்டி, பின் இருக்கையை மடக்கி ஏற்றிக்கொண்டு போங்கள். அங்கே மாற்றி, திரும்பும் முன் மீண்டும் சாலை டயரை மாட்டுங்கள். நட்டுகளைக் கையேட்டில் சொன்ன முறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, சில சுற்றுகளுக்குப் பிறகு ஒருமுறை சரிபாருங்கள். ஓட்டும் முன் டயரின் தோள் விளிம்பில், பட்டனிலிருந்து (தரையில் படும் ரப்பர்) பக்கச்சுவர் வரை சுண்ணக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். நான்கைந்து சுற்றுகள் முடித்து வந்து பார்க்கும்போது, விளிம்பிலுள்ள சிறு முக்கோணக் குறியையும் தாண்டிக் கோடு அழிந்திருந்தால் காற்று குறைவு. குறியை எட்டாமலே நின்றிருந்தால் காற்று அதிகம். ட்ராக்கில் மட்டும் சூடான டயரில் அளந்து காற்றைக் குறைக்கலாம். வீட்டுக்குக் கிளம்பும் முன் சாலை டயரின் காற்றைக் குளிர்ந்த நிலையில் அளந்து சரிசெய்யுங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): வத்தலக்குண்டில் டயரில் 33 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைத்து மேலே வந்தால் அளவு கூடுமா, குறையுமா?

இரண்டும் நடந்து ஏறக்குறைய சமமாகிவிடும். ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானியில் மூன்று பி.எஸ்.ஐ. வரை கூடும், 15, 18 டிகிரி குளிர்வதால் அதே அளவு குறையும். ஜனவரி விடியலில் மட்டும் ஒன்று இரண்டு குறைந்து காட்டும், அப்போது நிரப்புங்கள். மேலே வந்து சேர்ந்ததும் சூட்டோடு அளந்து, கூடியிருக்கிறதென்று காற்றை இறக்கிவிடாதீர்கள். குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும்.

கேள்வி (ஊட்டி): நல்ல ஸ்போர்ட்டியான டயர் ஒன்று சொல்லுங்கள்.

என்ன கார், என்ன அளவு, எந்தப் பாதையில் எத்தனை பேரோடு ஓட்டுகிறீர்கள் என எதையும் எழுதாமல் கேட்டால் யாராலும் பொறுப்பான பதில் சொல்ல முடியாது. பக்கச்சுவரைப் படித்து, அதில் உள்ளதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

கேள்வி (பழனி): இரண்டு டயர் மட்டுமே மாற்ற வசதியுண்டு. முன்பக்கம்தானே புதியதைப் போட வேண்டும்?

பின்பக்கம். இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரங்கள் லேசாகின்றன. ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் காரைத் திரும்பப் பிடிப்பது கடினம். முன்சக்கர இழுவைக் காருக்கும் இதுவே விதி.

கேள்வி (குன்னூர்): 2319 என்று அச்சிட்ட, ஓட்டாத டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வேண்டாம். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். ஐந்தாறு ஆண்டு கடந்த டயரை, பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், மலையிறக்கத்தில் நான் நம்ப மாட்டேன்.

கேள்வி (கோத்தகிரி): தேய்ந்த டயரில் கத்தியால் புதுக்கோடு வெட்டித் தருகிறார்கள். ட்ராக்குக்கு மட்டும் பயன்படுத்தலாமா?

கூடாது. வெட்டுவதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்துச் செய்யும் லாரி டயர்கள் உண்டு. கார் டயரில் பள்ளத்துக்குக் கீழே சில மில்லிமீட்டரில் இரும்புக் கம்பி வலை வந்துவிடும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் பட்டன் போதும் என்கிறது, மலை மழைக்கு மூன்று மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அதற்குக் கீழே போனால் டயரை மாற்றுங்கள். வெட்டிய டயரை ஸ்டெப்னியாகக்கூட வைத்திருக்க வேண்டாம்.