புதிய மென்பொருள் அலுவலகத்துக்கு வந்தால் ஊழியர்கள் மனநிறைவு அடைவது எதனால்?

திரையின் அழகுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் பங்கு உண்டு, சிறிய பங்கு.

ஃபிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு ஆய்வு இரண்டு கேள்விகளை முன்வைத்தது: இது என் வேலைக்கு உதவுமா, பயன்படுத்த எளிதா? இரண்டில் முதலாவதே பயன்பாட்டோடு வலுவாகப் பிணைந்திருந்தது. பலன் இருந்தால் கடினமானதையும் மனிதர்கள் பழகிக்கொள்கிறார்கள்.

நிறுவன மென்பொருளின் சிக்கலே இங்குதான் இருக்கிறது. தகவலை உள்ளிடுபவர் ஒருவர், பலன் பெறுபவர் இன்னொருவர். கிடங்கு ஊழியர் ஒவ்வொரு பெட்டிக்கும் பத்துக் கட்டங்களை நிரப்புகிறார். அழகான அறிக்கை மேலாளருக்குப் போகிறது. ஊழியருக்கு மிஞ்சுவது கூடுதல் வேலை மட்டுமே. அதே பதிவு, மாலையில் அவர் கையால் எழுதும் இருப்புக் கணக்கை இல்லாமல் செய்துவிட்டால் முணுமுணுப்பு தானாக அடங்கும். வாங்குவதற்கு முன் இதை யோசிக்கும் நிறுவனங்கள் குறைவு என்பது என் எண்ணம்.

அடுத்தது நம்பகம். இருப்பு எண்ணிக்கை இரண்டு முறை தவறினால் போதும், மூன்றாம் நாள் எல்லோரும் பழைய எக்செல் கோப்பைச் சத்தமில்லாமல் திறந்துவிடுவார்கள். ஆய்வாளர்கள் டிலோன், மெக்லீன் இருவரும் தகவல் அமைப்புகளின் வெற்றியை விளக்க 1992இல் உருவாக்கிய மாதிரியில் தகவலின் தரமும் அமைப்பின் தரமும் மனநிறைவோடு இணைக்கப்பட்டிருந்தன. 2003இல் சேவையின் தரத்தையும் சேர்த்தார்கள். சிக்கிக்கொண்டவருக்கு உதவி உடனே கிடைக்கிறதா என்பதுதான் அது. முதல் நாள் முழுவதும் நடத்தும் பயிற்சி வகுப்பைவிட, முதல் மாதம் பக்கத்து இருக்கையில் விவரம் தெரிந்த ஒருவர் இருப்பது மேல்.