செத்த விலங்கை அறுத்துப் பார்ப்பதால் மனிதருக்கு என்ன லாபம்?

கேள்வி: கால்நடை நோய்க்குறியியல் (விலங்கின் உடலையும் திசுக்களையும் ஆராய்ந்து நோயைக் கண்டறியும் துறை) படிப்பதால் மனிதர்களின் உடல்நலத்துக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இப்போது பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இந்த வேலையைத்தான் செய்கிறேன்.

அல்சூரிலிருந்து ஒரு தம்பி அரிசிச் சாக்கில் நாய்க்குட்டி ஒன்றைச் சுற்றி எடுத்து வந்தார். தெருவில் பிள்ளைகள் பால் ஊற்றி வளர்த்த குட்டி. மூன்று நாள் சாப்பிடாமல், எச்சில் வடிய, ஒரு பையனைக் கடித்துவிட்டுச் செத்திருக்கிறது. "வெயில்ல செத்திருக்கும் டாக்டரம்மா, புதைச்சிடலாம்னுதான் அம்மா சொன்னாங்க" என்றார். பையனின் காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே ஊசி போடக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, குட்டியின் தலையைத் திறந்தோம்.

ரேபிஸா, அதாவது வெறிநாய்க்கடி நோயா என்று கண்டுபிடிக்க மூளைத்தண்டும் சிறுமூளையும்தான் முக்கியம். அவற்றின் துணுக்கைக் கண்ணாடித் துண்டில் ஒற்றி, அசிட்டோனில் பதப்படுத்தி, ரேபிஸ் கிருமியில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் எதிர்ப்பொருளை ஊற்றிக் கழுவி, இருட்டறையில் நுண்ணோக்கி வழியாகப் பார்ப்போம். கிருமி இல்லையென்றால் எல்லாம் இருட்டு. அன்றைக்கு இளம்பச்சையில் பொடிப்பொடியாக மின்னியது. சில மணி நேர வேலைதான். முன்பெல்லாம் ரேபிஸ் தாக்கிய மூளைச் செல்களுக்குள் தெரியும் நெக்ரி துகள்களைத் தேடுவார்கள். இத்தாலியின் நெக்ரி அவற்றை விவரித்தது 1903-இல், வேப்பேரிக் கல்லூரி தொடங்கிய அதே வருடம். ஆனால் ரேபிஸ் வந்த எல்லா மூளையிலும் அவை தென்படாது. அவற்றை மட்டும் நம்பினால் நோயைத் தவறவிடுவோம்.

முடிவைச் சொன்ன பிறகுதான் இன்னும் மூன்று பிள்ளைகள் பல் பட்ட கீறலைக் காட்டினார்கள். அடி விழுமென்று மறைத்திருந்தார்கள். அவர்களுக்கும் ஊசி போட்டாயிற்று, நால்வரும் நன்றாக இருக்கிறார்கள். அன்றைக்குக் குட்டியைப் புதைத்திருந்தால்? ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. எனக்கு இன்றும் அடிவயிறு கலங்கும்.

இதே கர்நாடகத்தில், 1957-இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. காட்டையொட்டிய ஊர்க்காரர்களுக்கும் கடும் காய்ச்சல். செத்த குரங்கிலிருந்துதான் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள், பரப்புவது உண்ணி என்றும் தெரிந்தது. 'மங்கன காயிலே', குரங்குக் காய்ச்சல் என்றுதான் அங்கே இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் குரங்கு செத்துக் கிடந்தால் சுகாதாரத் துறைக்கு அதுதான் முதல் எச்சரிக்கை.

எனக்கு மிகவும் பிடித்தது வில்லியம் ஹாட்லோவின் கதை. அவர் ஆடுகளுக்கு வரும் ஸ்கிரேப்பி என்ற மூளை நோயை ஆராய்ந்த கால்நடை நோய்க்குறியியலாளர். பப்புவா நியூ கினி மக்களைக் கொன்றுகொண்டிருந்த குரு என்ற நோயின் மூளைப் படங்களை லண்டனில் ஒரு கண்காட்சியில் பார்த்தார். அவர் தினமும் பார்க்கும் ஆட்டு மூளையில் இருந்த அதே ஓட்டைகள்! 1959-இல் லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்: இதைக் குரங்கினத்துக்குச் செலுத்திப் பாருங்கள், தொற்றக்கூடும் என்று. அப்படியே செய்தார்கள், சிம்பன்ஸிகளுக்குத் தொற்றியது. குரு நோயை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் கஜ்டுசெக் அந்த ஆராய்ச்சிக்கு 1976-இல் நோபல் பரிசு பெற்றார்.

அதனால் உங்கள் தெருவில் நாயோ மாடோ காரணம் தெரியாமல் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், அவசரப்பட்டுப் புதைக்கவும் வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு போன் போடுங்கள். அது யாரையாவது கடித்ததா, நக்கியதா என்று பிள்ளைகளிடம் அதட்டாமல் கேளுங்கள்.