அம்மாவுக்கு லாப்ரடார் குட்டி வேண்டாம்

வணக்கம். கோவையில் இரண்டாவது மாடியில் தனியே வசிக்கும், முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 74 வயதுத் தாயாருக்கு லாப்ரடார் நாய்க்குட்டி வாங்கலாமா, பச்சைக்கிளி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிளியை முதலில் விலக்கிவிடுங்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். லாப்ரடாரோ, வளர்ந்தபின் 25 கிலோவுக்கு மேல் இருக்கும். பூனையைக் கண்டு அது வெடுக்கென்று இழுத்தால், மறு கையில் ஊன்றுகோல் பிடித்திருப்பவர் படியில் தடுமாறி விழ நேரிடும்.

என் யோசனை, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த, நான்கைந்து வயதான சாதுவான நாட்டுப் பூனை. அதை நடத்திக் கூட்டிச் செல்ல வேண்டியதில்லை. அது மலஜலம் கழிக்கும் மணல் தட்டை உறுதியான தாழ்ந்த பெஞ்சின் மேல் வைத்தால் அதிகம் குனியவும் வேண்டாம். பூனை காலைச் சுற்றுவதுதான் முக்கிய ஆபத்து என்பதால், என் பெரியம்மா வீட்டில் அதன் கழுத்தில் சிறு மணி கட்டினோம். அவர் அடியெடுத்து வைக்குமுன் மணிச் சத்தத்தைக் கேட்டு நிற்கப் பழகிவிட்டார். இரத்தம் உறையாமலிருக்க அம்மா மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், நகக்கீறல் பற்றி மருத்துவரிடம் முன்பே பேசுங்கள்.

அம்மாவின் விருப்பம் என்ன என்று உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. அதை முதலில் கேளுங்கள்.