கறிவேப்பிலைக் கன்றைக் கூரியரில் அனுப்பினால் உயிரோடு போய்ச் சேருமா?

சேரும். நாலு வருஷமாக மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அம்மா வீட்டு வாசலில் இருக்கும் கறிவேப்பிலைக் கன்றையும் வெற்றிலைக் கொடியையும் ஜோகூர் பாருவில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே வழி சரிப்படாது, அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. வழியில் செடி காய்ந்து சாவது குறைவு, அழுகிச் சாவதுதான் அதிகம். நான் முதன்முதலில் அனுப்பிய கன்று அப்படித்தான் போனது. வாடிவிடுமே என்ற பயத்தில் அனுப்புகிற அன்று காலையில் அரை வாளித் தண்ணீர் ஊற்றி, பாலிபேக்கோடு தூக்கிப் பெட்டியில் வைத்து, இலைக்கு மேலேயும் பிளாஸ்டிக்கை இறுக்கிச் சுற்றி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் வாங்கியவர் படம் அனுப்பினார், இலையெல்லாம் கறுத்து வேகவைத்த கீரை மாதிரி. வெயிலில் நின்ற லோரிக்குள் அந்த ஈரமே செடியை அவித்துவிட்டது. கூரியர்காரரைத் திட்ட வாய் வந்தது, ஆனால் தப்பு என்னுடையது.

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். அவர் தோட்டத்து நாற்றங்காலில் வேலை பார்த்தவர். மொட்டு ஒட்டி மேல்பாகத்தை வெட்டிவிட்ட ரப்பர் நாற்றுக் கட்டைகளை இன்னொரு தோட்டத்துக்கு அனுப்பும்போது மண் இருக்காது, இலை இருக்காது, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் ஏற்றுவார்களாம், அவ்வளவுதான். இந்த நாட்டுக்கு ரப்பர் வந்ததே செடி அனுப்பித்தானே. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்குக் கப்பலில் வந்தன. அந்தத் தொகுதியிலிருந்து வந்த பழைய மரம் ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது.

சரி, கறிவேப்பிலை. ஒரு அடிக்கு மேல் போகாத கன்றாகப் பாருங்கள். இரண்டு நாளைக்கு முன்பே தண்ணீரை நிறுத்துங்கள், மண் கையில் ஒட்டாமல் கட்டியாக நிற்க வேண்டும். இதன் ஆணிவேருக்கு மண்ணை உதறுவது பிடிக்காது, எனவே மண்கட்டி உடையாமல் எடுத்து, நனைத்துப் பிழிந்த நாளிதழில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைப் போட்டு, தண்டின் அடியில் கட்டுங்கள். பை வேருக்கு மட்டும், இலைக்கு வேண்டாம். பாதி இலைகளைக் கிள்ளி ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம், இருட்டில் எப்படியும் கொட்டத்தான் போகிறது.

வெற்றிலைக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். மூன்று நாலு கணு உள்ள துண்டாக வெட்டி, அடிப்பக்கத்தில் ஈர டிஷ்யூ சுற்றி அனுப்பினால் போதும், அங்கே போய் வேர்விடும்.

பெட்டிக்கு மைலோ அட்டைப்பெட்டி நல்லது. வேர்ப் பொட்டலத்தைப் பெட்டியின் சுவரோடு டேப்பால் ஒட்டுங்கள், தண்டுக்கு, சத்தே இறைச்சி கோர்க்கும் மெல்லிய குச்சி இரண்டை முட்டுக் கொடுங்கள், மீதி இடத்தில் கசக்கிய காகிதத்தைத் திணியுங்கள். பக்கவாட்டில் பென்சில் நுழைகிற அளவுக்கு நாலைந்து ஓட்டை. ‘இந்தப் பக்கம் மேலே’ என்று எழுதலாம், ஆனால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தே கட்டுங்கள். கட்டி முடித்ததும் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு குலுக்குக் குலுக்குங்கள். உள்ளே சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

திங்கட்கிழமை கொடுங்கள், வெள்ளிக்கிழமை கொடுத்தால் சனி ஞாயிறு கிடங்கில் கிடக்கும். கெடா, கிளந்தான், திரங்கானுவுக்கு அனுப்புகிறவர்கள் வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். ஜோகூரில் 2025 ஜனவரியிலிருந்து சனி ஞாயிறுதான்.

அனுப்பும் முன் கறிவேப்பிலைக் கொழுந்தின் அடியில் பாருங்கள். வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும் சின்னப் பழுப்புப் பூச்சி இருந்தால் அந்தச் செடியை அனுப்பாதீர்கள். எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் வருகிற பசுமை நோயைப் பரப்புவது அதுதான், தங்கை வீட்டுப் பக்கத்தில் எலுமிச்சை இருந்தால் பாவம். சபா, சரவாக்குக்கு என்றால் இப்படிச் சும்மா அனுப்பவே கூடாது, அந்த மாநில விவசாயத் துறையின் அனுமதி வாங்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் தங்கையை ஒரு வாரம் நிழலில் வைக்கச் சொல்லுங்கள், உரம் வேண்டாம். இலை முழுக்கக் கொட்டினாலும் தூக்கி எறிய வேண்டாம், நகத்தால் தண்டைக் கீறிப் பார்க்கட்டும், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. சிரம்பானில் ஒரு அக்கா “வெறும் குச்சியை அனுப்பிட்டீங்களே தம்பி” என்று என்னைத் திட்டித் தீர்த்தார். கீறிப் பார்க்கச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துத் துளிர் விட்ட படம் வந்தது, அப்புறம் இன்னும் இரண்டு கன்று கேட்டார்.